உரிமப் பக்கம் மூன்றாம் வரைவில்தான் ஒத்துவந்தது

எது யாரிடமிருந்து எந்த உரிமத்தில் வந்தது என்று சொல்லும் உரிமப் பக்கம், மூன்றாம் வரைவின் கடைசிப் பக்கம், மொத்தம் ஒன்பது வரி. மேசையில் பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளே கேமான டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளில் ஓடும் ஒரு சாகசத்தைத் தமிழில் எழுதி, பிடிஎஃப் ஆகவும் அச்சாகவும் விற்பதற்கு அந்த ஒன்பது வரி போதும். முதல் வரைவில் இதே வேலைக்கு இரண்டு முழுப் பக்கம் போயிருந்தது. அதில் பாதி தேவையில்லாதது, மீதியில் மூன்று இடம் தவறு. அறைகளையும் பொறிகளையும் எழுதியதைவிட இந்தப் பக்கத்தில்தான் திரும்பத் திரும்பக் கைவைக்க வேண்டியிருந்தது.

புத்தகத்தில் இருந்த சரக்கு இது: 40 பக்கம், 11 மான்ஸ்டர்களின் ஸ்டாட் பிளாக் (ஆற்றல் எண்களின் பெட்டி), 9 மந்திரம், 6 மாயப்பொருள், 3 வரைபடம், 22 ஐகான், 2 எழுத்துரு, ஓவியர் ஒருவரிடம் பணம் கொடுத்து வரைந்து வாங்கிய 5 படம், சொந்தமாக உருவாக்கிய துரத்தல் விதி 4 பக்கம், வேறொரு திறந்த உரிம விளையாட்டிலிருந்து எடுத்த ஓர் அட்டவணை. இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் உரிமத்தில் வந்தவை என்பது தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பக்க வடிவமைப்பை முடித்த பிறகே உரிமத்தைத் தொட்டோம். பின்னால் வந்த பிசகுகளில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளம்பியவை.

முதல் வரைவு: இரண்டு உரிமம், ஒரே உரை

ஐந்தாம் பதிப்பின் திறந்த பகுதி, அதாவது பிறரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட விதிகள், எஸ்ஆர்டி (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்) 5.1 என்ற 403 பக்கக் கோப்பில் இருக்கிறது. 2016இல் அது ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசென்ஸ்) 1.0ஏ உரிமத்தில் வந்தது. 2023 ஜனவரி முதல் வாரத்தில் ஓஜிஎல் 1.1 வரைவு வெளியே கசிந்தது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி என்று அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, அதே மாதம் 27ஆம் தேதி விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் எஸ்ஆர்டி 5.1 முழுவதையும், மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0 உரிமத்திலும் விட்டது. ஆக, ஒரே உரைக்கு இரண்டு வாசல். எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு வழியாகவும் போனோம்.

காரணம் இருந்தது. 11 மான்ஸ்டர்களில் இரண்டு, வேறொரு பதிப்பாளரின் பழைய ஓஜிஎல் புத்தகத்திலிருந்து வந்தவை. அந்த இரண்டுக்காக ஓஜிஎல் முழு உரையையும் பின்னால் சேர்த்தோம். எஸ்ஆர்டிக்காக சிசி-பை மூலக்குறிப்பையும் போட்டோம். பார்வைக்குப் பத்திரமாகத் தெரிந்தது. ஓஜிஎல்லைப் பிரிவு பிரிவாக வைத்துப் பார்த்தபோதுதான் முட்டியது.

பிரிவு 15 என்பது பதிப்புரிமை வரிகளின் சங்கிலி. நீங்கள் எடுத்த நூலின் பிரிவு 15இல் உள்ளதை எழுத்து மாறாமல் உங்கள் பிரிவு 15இல் இறக்க வேண்டும் என்கிறது பிரிவு 6. அந்த நூல் தனக்கு முந்தைய நூல்களிலிருந்து எடுத்திருந்தால் அந்த வரிகளும் சேர்ந்தே வரும். எங்களுக்கு 14 வரி வந்தது. அதில் ஒரு நூலின் பெயர் உள்ளே குறிப்பிடப்பட்டிருந்தது, ஆனால் அதன் வரி பட்டியலில் இல்லை. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. மூல நூலைத் தேடி ஆறு மணி நேரம் போனது, கிடைக்கவில்லை.

பிரிவு 8, எந்தப் பகுதி திறந்த உள்ளடக்கம் என்று தெளிவாகக் காட்டச் சொல்கிறது. "விதிகள் எல்லாம் திறந்தவை, கதை எல்லாம் மூடியவை" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தோம். பல பழைய புத்தகங்களில் இப்படித்தான் இருக்கும். ஆனால் ஸ்டாட் பிளாக்குக்குள்ளேயே எங்கள் கதையின் ஊர்ப்பெயர் வந்தால் அது எந்தப் பக்கம் சேரும்? அதற்கு எங்களிடமே பதில் இல்லை.

பிரிவு 7தான் அட்டையைத் தொட்டது. ஓஜிஎல் உள்ளடக்கம் இருக்கும் நூலில், தனி ஒப்பந்தம் இல்லாமல் பிறருடைய வணிகக்குறியோடு பொருந்தும் என்று சொல்லக் கூடாது. பழைய புத்தக அட்டைகளில் "உலகின் மிகப் புகழ்பெற்ற ரோல்பிளே கேமுக்கு" என்று சுற்றிவளைத்து எழுதியிருப்பது இதனால்தான். சிசி-பை வழியில் வந்தால் இந்தச் சுற்று வேண்டாம். "ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்" என்று போட்டுக்கொள்ள எஸ்ஆர்டி 5.1 கோப்பே இடம் கொடுக்கிறது.

இன்னொரு சின்ன விபத்து. ஓஜிஎல்லின் முதல் பிரிவில், தழுவல் என்றால் என்ன என்று பட்டியலிடும் இடத்தில், குடித்தல் என்று பொருள்படும் "பொட்டேஷன்" என்ற ஆங்கிலச் சொல் நிற்கிறது. அது அச்சுப்பிழையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உரிமத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று பிரிவு 2 சொல்வதால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாரும் அதை அப்படியே அச்சடித்து வருகிறார்கள். எங்கள் எழுத்துப்பிழைத் திருத்தி அதைத் தானாக மாற்றிவிட்டது. உரிம உரையை ஒட்டியதும் அந்தப் பெட்டிக்கு மட்டும் பிழைத்திருத்தியை அணைத்துவிடுங்கள். ஒட்டிய உரையை மூலத்தோடு ஒரு கோப்பு ஒப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தீர்வு எளிது, மனசுதான் வரவில்லை. அந்த இரண்டு மான்ஸ்டர்களையும் தூக்கிவிட்டு, எஸ்ஆர்டியில் உள்ள உருப்படிகளை அடியாக வைத்துப் புதிதாக இரண்டு செய்தோம். ஓஜிஎல் முழுவதும் போயிற்று. ஒன்றரைப் பக்கம் மிச்சம்.

இரண்டாம் வரைவு: பெயர்கள்

மந்திரங்களை நினைவிலிருந்து எழுதியது அடுத்த தவறு. விளையாடிப் பழகியவர்களுக்கு முழு விதிப்புத்தகம் மனப்பாடம். ஆனால் எஸ்ஆர்டி அதன் ஒரு பகுதி மட்டுமே. மெல்ஃப், பிக்பி, டாஷா போன்ற மந்திரவாதிகளின் பெயரோடு வரும் மந்திரங்கள் எஸ்ஆர்டியில் அந்தப் பெயர் உரிக்கப்பட்டே இருக்கும்: "மெல்ஃபின் அமில அம்பு" அங்கே வெறும் "அமில அம்பு". பிக்பியின் கை அங்கே மந்திரக் கை என்ற பொருளில் வேறு பெயரில் இருக்கிறது. எங்கள் 9 மந்திரங்களில் இரண்டு முழுப்பெயரோடு மொழிபெயர்க்கப்பட்டிருந்தன.

எஸ்ஆர்டி 5.1இல் பாத்திரத்தின் பின்புலம் ஒன்றே ஒன்று, அகோலைட். ஃபீட் எனப்படும் சிறப்புத் திறனும் ஒன்றே, கிராப்ளர். வகுப்புகள் 12 உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பிரிவுதான். முன்தயாரித்த நான்கு கேரக்டர் ஷீட்டுகளில் (பாத்திர விவரத் தாள்களில்) மூன்று இந்த எல்லையைத் தாண்டியிருந்தன. 2025 ஏப்ரலில் வந்த எஸ்ஆர்டி 5.2இல் பின்புலம் நான்கு. ஆனால் 5.1இல் இருந்த அரை எல்ஃப், அரை ஆர்க் என்ற பாத்திர இனங்கள் இரண்டும் அதில் இல்லை. ஆகவே "புதியது பழையதை உள்ளடக்கும்" என்று நம்பி இறங்கக் கூடாது. இரண்டிலிருந்தும் எடுத்தால் இரண்டுக்கும் தனித்தனி மூலக்குறிப்பு போட வேண்டும். நாங்கள் 5.1இலேயே நின்றுகொண்டோம்.

பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், கித்யாங்கி, யுவான்-டி, அம்பர் ஹல்க் போன்ற மான்ஸ்டர்களை ஓஜிஎல் காலத்திலேயே நிறுவனம் தனக்கென ஒதுக்கி வைத்திருந்தது. பெயரைத் தமிழில் மாற்றிவிட்டால் போதும் என்று ஒரு குறுக்கு யோசனை வரும், எங்களுக்கும் வந்தது. பிஹோல்டரை, நடுவில் ஒற்றைக் கண், தலையில் கண்கொடிகள், மிதக்கும் உருண்டை என்று வருணித்துவிட்டு "பல்விழியன்" என்று பெயர் சூட்டினால் மாறியிருப்பது பெயர்ப்பலகை மட்டுமே. நீக்கினோம். அந்த அறைக்கு எஸ்ஆர்டியில் ஸ்டாட் பிளாக் உள்ள பேசிலிஸ்க் வந்தது. அறையின் கண்ணாடிப் பொறி அதற்கு இன்னும் நன்றாகவே பொருந்தியது.

சரிபார்க்கும் முறை: புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு விதிச்சொல்லுக்கும் ஆங்கில மூலச்சொல்லை ஒரு விரிதாளில் எழுதி, எஸ்ஆர்டி பிடிஎஃபில் தேடி, கிடைத்த பக்க எண்ணைப் பக்கத்தில் குறிப்பது. பக்க எண் இல்லாத வரி சிவப்பு. 132 சொல்லில் 17 சிவப்பு வந்தது.

மூலக்குறிப்பு எழுதிய விதம்

எஸ்ஆர்டி 5.1இன் முதல் பக்கத்திலேயே போட வேண்டிய வாக்கியம் தரப்பட்டிருக்கிறது. இந்தப் படைப்பில் எஸ்ஆர்டி 5.1இலிருந்து எடுத்தவை உள்ளன, அது இன்னாருடையது, இந்த முகவரியில் கிடைக்கும், இந்த உரிமத்தில் உள்ளது என்ற அளவில்தான். அதைத் தவிர நிறுவனத்தைக் குறித்து வேறு குறிப்பு எதுவும் சேர்க்க வேண்டாம் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டாம் வரைவில் நாங்கள் அந்த வாக்கியத்தை அழகுத் தமிழில் பெயர்த்து, மேலே நிறுவனத்துக்கு ஒரு நன்றியுரையும் சேர்த்திருந்தோம். பணிவு காட்டப்போய் இரண்டு தவறு.

சரிசெய்த வடிவம்: தரப்பட்ட ஆங்கில வாக்கியம் எழுத்துப் பிசகாமல், இணைய முகவரிகளோடு. கீழே தமிழில் ஒரே வரி: "விதிப்பகுதிகள் மொழிபெயர்க்கப்பட்டு மாற்றப்பட்டுள்ளன." இந்த வரி அலங்காரத்துக்கு அல்ல. மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது சிசி-பை 4.0இன் நிபந்தனை, மொழிபெயர்ப்பும் மாற்றமே.

அச்சில் 7 புள்ளி அளவில் வைத்தோம். முகவரி வரி நடுவில் உடைந்து ஒட்டுக்குறி சேர்ந்துவிட்டது. அதைத் தட்டச்சு செய்பவர் தவறான இடத்துக்குப் போவார். முகவரிகளுக்கு மட்டும் சொல்வெட்டை நிறுத்தி, தனி வரியில் இறக்கினோம்.

மான்ஸ்டர் அட்டைகள் தனிச் சிக்கல். 63க்கு 88 மில்லிமீட்டர் அட்டையில் ஸ்டாட் பிளாக்கே திணறுகிறது, உரிம வாக்கியத்துக்கு எங்கே இடம்? ஊடகத்துக்கு ஏற்ற நியாயமான வழியில் குறிப்பிடலாம் என்று உரிமம் இடம் தருவதால், அட்டைக் கட்டுக்குள் ஒன்றை முழுக்க உரிம அட்டையாக்கினோம். அட்டைகளைத் தனித்தனிப் படக்கோப்பாகத் தருவதானால் இது செல்லாது. ஒவ்வொரு கோப்பிலும் குறைந்தது உரிமப் பக்கத்துக்கான முகவரியாவது இருக்க வேண்டும்.

ஐகான், வரைபடம், எழுத்துரு

22 ஐகானும் கேம்-ஐகான்ஸ் தொகுப்பிலிருந்து. அங்கே பெரும்பாலானவை சிசி-பை 3.0. தொகுப்பின் பெயரை மட்டும் போட்டால் போதாது, வரைந்தவர் பெயர் வேண்டும். 3.0இல் படைப்புக்குத் தலைப்பு தரப்பட்டிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும், 4.0இல் அந்தக் கட்டாயம் இல்லை. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: 4.0இல் நிபந்தனையை மீறிவிட்டாலும், தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானே மீளும். 3.0இல் அப்படித் தானாக மீள வழியில்லை. ஆகவே அலட்சியம் செய்யக் கூடாதது எஸ்ஆர்டியைவிட இந்தக் குட்டி ஐகான்களைத்தான். நாங்கள் செய்தது தலைகீழ். இறக்கும்போது கோப்பின் பெயரை "வாள்1", "வாள்2" என்று மாற்றிவிட்டதால் எது யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு மாலை. வரைந்தவர் பெயரைக் கோப்புப் பெயரிலேயே விட்டுவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

மூன்று வரைபடங்களில் ஒன்று என்டி வகை, அதாவது தழுவல் கூடாது. அறைப்பெயர்களைத் தமிழாக்கிப் படத்தின் மேல் எழுதினால் அது தழுவல். எண்களை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றலாமா என்று பார்த்தோம். ஆனால் ஒரு சுவரையும் அழிக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டு 20க்கு 28 கட்டத்தில் புதிதாக வரைந்தோம். வணிகப் பயன்பாடு கூடாது என்ற என்சி வகை உரிமங்களை முதலிலேயே ஒதுக்கியிருந்தோம். விற்கிற புத்தகத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

எழுத்துருவில் சிக்கல் குறைவு. நோட்டோ செரிஃப் தமிழும் மீரா இனிமையும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் உள்ளவை. பிடிஎஃபில் பொதிவதால் புத்தகம் அந்த உரிமத்துக்குள் போகாது. எழுத்துருக் கோப்பையே கேரக்டர் ஷீட்டோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டும் அதன் உரிமக் கோப்பும் கூடப் போக வேண்டும்.

எஸ்ஏ அட்டவணை

வேறொரு விளையாட்டிலிருந்து எடுத்த வழிப்போக்கர் அட்டவணை சிசி-பை-எஸ்ஏ 4.0. தழுவினால் தழுவலும் அதே உரிமத்தில் போக வேண்டும். பின்னிணைப்பில் தனியாக வைத்தால் ஒட்டாது என்று எண்ணினோம். மாற்றாமல் அப்படியே ஒரு தொகுப்பில் வைத்தால் அந்த வாதம் நிற்கும். நாங்களோ அதை மொழிபெயர்த்து, ஐந்தாம் பதிப்பின் எண்களுக்கு மாற்றி, 7, 12, 19ஆம் அறைகளிலிருந்து அதற்கு வழிகாட்டி, அதன் வரிகளைக் கதைக்குள்ளும் இழைத்திருந்தோம். பின்னல் எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை.

புத்தகத்திலிருந்து உருவி, இரண்டு பக்கத் தனிக் கோப்பாக்கி, அதை மட்டும் சிசி-பை-எஸ்ஏவில் இலவசமாக வைத்தோம். கதைக்குள் இழைத்த வரிகளை அழித்துப் புதிதாக எழுதினோம். புத்தகத்தில் அந்தக் கோப்பு இருப்பதாகச் சொல்லும் ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

பாத்ஃபைண்டர் ரீமாஸ்டர் போன்ற வேறு ரோல்பிளே கேம்கள் பயன்படுத்தும் ஓஆர்சி என்ற திறந்த உரிமத்திலும் விதிகளுக்கு இதே போன்ற பிடி உண்டு: ஓஆர்சி விதியைத் தழுவினால் உங்கள் விதியும் ஓஆர்சிக்குள் போய்விடும், கதையும் கலையும் பெயர்களும் உங்களுக்கே நிற்கும். அதன் அறிவிப்பில் நான்கு பகுதி: அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் டிஎக்ஸ் 9-307-067 என்று பதிவான உரிமத்தைச் சுட்டும் வாக்கியம், மூலக்குறிப்பு, ஒதுக்கி வைத்தவை, விரும்பித் திறந்துவிட்டவை. விதிக்கும் கதைக்கும் நடுவே கோடு தானாகவே விழுவது அதன் வசதி. எங்கள் அடித்தளம் எஸ்ஆர்டி என்பதால் அதைத் தொடவில்லை.

எங்கள் பங்கைத் திறந்துவிடுவது

துரத்தல் விதி நான்கு பக்கத்தையும் பிறர் பயன்படுத்தட்டும் என்பது முதலிலிருந்தே எண்ணம். அதற்காக முகப்புப் பக்கத்தில் "இந்நூல் சிசி-பை 4.0 உரிமத்தில் வெளியிடப்படுகிறது" என்று போட்டிருந்தோம். மொத்த வேலையிலும் ஆபத்தான வாக்கியம் இதுதான், அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது கண்ணில் பட்டது. இந்நூல் என்றால் 40 பக்கமும். ஓவியரின் 5 படமும் அதில் அடக்கம். அவர் கொடுத்தது இந்தப் புத்தகத்தில் வெளியிடும் உரிமை, பிறருக்கு வழங்கும் உரிமை அல்ல. சிசி உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. வெளியே போயிருந்தால், இல்லாத உரிமையை உலகத்துக்கே தானம் செய்ததாக ஆகியிருக்கும்.

இப்போதுள்ள வரி: "பக்கம் 29 முதல் 32 வரையுள்ள உரை, படங்கள் நீங்கலாக, சிசி-பை 4.0. மற்றவை அனைத்தும் உரிமை காக்கப்பட்டவை." அந்த நான்கு பக்கத்தையும் படமில்லா உரைக்கோப்பாகத் தனியே வைத்தோம். எடுப்பவருக்கும் எதை எடுக்கலாம் என்று துழாவ வேண்டியதில்லை.

ஏற்றுமதியில் ஒரு கடைசி முள். பழைய வார்ப்புருவில் பிடிஎஃப் நகலெடுப்புத் தடை இயல்பாகவே இயக்கத்தில் இருந்தது. சிசி உள்ளடக்கத்தின் மீது, பெறுபவரின் உரிமையை முடக்கும் பூட்டு போடக் கூடாது. தடையை எடுத்தோம். எடுத்த பிறகு தமிழ் உரையை நகலெடுத்துப் பார்த்தால் கொம்புகள் இடம் மாறி வந்தன. வேறு ஏற்றுமதி அமைப்பில் அது சரியானது, அதற்கும் உரிமத்துக்கும் தொடர்பில்லை.

கணக்கு: உரிமக் கட்டணம் ஏதுமில்லை. நேரம், மூன்று வரைவுக்கும் சேர்த்து 41 மணி. அதில் விரிதாள் போட்டது 9 மணி, மீதி எல்லாம் கட்டியதை இடித்தது. சோதனை அச்சு மூன்று தடவை.

அடுத்த புத்தகத்துக்கு விரிதாள் முதல் நாளே திறந்தாயிற்று. அதன் நெடுவரிசைகள்: பக்கம், துண்டு, மூலம், மூலத்தின் பதிப்பு, உரிமமும் அதன் எண்ணும், என்ன மாற்றினோம், போட வேண்டிய வாக்கியம், எடுத்த தேதி. எடுத்த நாளில் அந்த உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து அதே வரியில் இணைக்கிறோம், ஏனெனில் இணையப் பக்கங்கள் ஓசையில்லாமல் மாறிவிடும். வடிவமைப்பு மென்பொருளில் எஸ்ஆர்டி பத்தி, சொந்தப் பத்தி, பிறர் பத்தி என்று மூன்று பத்தி நடை வைத்து, வரைவில் மூன்றுக்கும் மூன்று நிறம். அச்சுக்கு அனுப்பும்போது நிறம் கறுப்பாகும். இதுவரை 12 பக்கம் ஆகியிருக்கிறது, பிறர் நிறத்தில் ஒரே ஒரு பத்தி. அதன் வரியில் "உரிமத்தின் எண்" கட்டம் காலி. அது நிரம்பும்வரை அந்த அறைக்குக் கதவு வைக்கவில்லை.